யார் முகத்தில் விழுகிறது வெளிச்சம்?

தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள், கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் வேறு நிறம் என்பது அவர்களுக்குத் தெரியும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் இந்த அறிவு நம்மைவிட்டுப் போய்விடுகிறது. கதைக்கும் வசனத்துக்கும் நடிப்புக்கும் பத்திபத்தியாக எழுதுகிறோம். ஒளிப்பதிவுக்கு, ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று ஒற்றை வரி.

இது சிறிய குறை இல்லை. ஒரு முகத்தின் மேல் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறவர், அந்த மனிதரை நாம் நம்புவதா, சந்தேகிப்பதா, அவருக்காக இரங்குவதா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். சென்னையில் உருவான படங்களே இதற்குச் சாட்சி.

1945இல் வெளிவந்த ‘மீரா’வுக்காக இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் ஒரு காரியம் செய்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டர் சிலையாக வார்க்கச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து அந்தச் சிலையின் மேல் விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எந்தக் கோணத்தில், எந்த ஒளியில் அந்த முகம் பக்தி கொள்கிறது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே தேடியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நாம் உணரும் தெய்வீகத்தில் குரலுக்கு எவ்வளவு பங்கோ, அந்தத் தேடலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டே இல்லாத படம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டி ஒரு கொலை, ஆளுக்கொரு சாட்சியம். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் இங்கே செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு நுட்பம் தெரிந்தால் போதும். முகத்துக்கு ஒரு முதன்மை விளக்கு. அது உண்டாக்கும் நிழலைத் தணிக்க எதிர்ப்பக்கம் இன்னொன்று. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்ட முதுகுப்புறம் மூன்றாவது. இரண்டாவது விளக்கைக் கூட்டினால் முகம் முழுதும் வெளுத்து, ஒளிவுமறைவு எதுவும் இல்லாததுபோல் தெரியும். குறைத்தால் பாதி முகம் இருட்டுக்குள் போய்விடும். ‘அந்த நாள்’ அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்டது. எந்தச் சாட்சியத்தை நம்புவது என்று தெரியாத கதைக்கு, முழுதாகத் தெரியாத முகங்கள்தான் பொருத்தம்.

ஆனால் அந்தப் பாதையில் கோடம்பாக்கம் அதிகம் நடக்கவில்லை. நட்சத்திரத்தின் முகத்தில் நிழல் விழக் கூடாது என்பது எழுதப்படாத சட்டமாயிற்று. கனத்த ஒப்பனை, நாலு பக்கமும் வெளிச்சம், எல்லா முகமும் ஒரே வெளுப்பு. வண்ணம் வந்த பிறகு இது இன்னும் கெட்டிப்பட்டது. உலகெங்கும் புகைப்படக் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் பல்லாண்டுக் காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுத்த தோலில் நுணுக்கம் தொலைந்தால் அது யாருக்கும் பிழையாகப் படவில்லை. நம் ஊரின் நிற ஆசையும் இந்த அளவுகோலும் கைகோத்துக்கொண்டன.

இதை உடைத்த முதல் பெரிய கலைஞர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து இங்கே வந்தவர். இயக்குநர் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் ஷோபாவையும், தன் ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவையும் அவர்களுடைய மாநிறத்திலேயே காட்டினார். ஜன்னல் வழியே இயல்பாக வரும் வெளிச்சத்துக்கு மதிப்புக் கொடுத்தார். ‘வீடு’ பார்த்தவர்கள் சொக்கலிங்க பாகவதரை மறக்க முடியாது. பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்கப் பகல் வெளிச்சத்தில் வந்து, முடியாத சுவர்களைத் தடவும் அந்தக் கிழவருக்கு விளக்குப் போட்டு ஒளிவட்டம் தந்திருந்தால் அவர் தியாகச் சின்னமாகிப் போயிருப்பார். சாதாரண வெயில் அவரை நம் தெருவின் தாத்தாவாகவே விட்டுவைத்தது. சென்னை நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக் கனவு அவ்வளவு வலிப்பதற்கு அந்த வெயிலும் காரணம்.

பி.சி. ஸ்ரீராம் வேறு திசையில் போனார். அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட் என்று நாம் இன்றும் சொல்லும் அரசுக் கல்லூரியின் மாணவர். 1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’ அவருக்குத் தேசிய விருதைத் தந்தது. கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பிய தாராவி செட்டுக்குள் ஸ்ரீராம் இருட்டைக் கொண்டுவந்தார். ‘காட்பாதர்’ (1972) படத்தில் கார்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து ஒளி பாய்ச்சி மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலுக்குள் தள்ளியதை அவர் தலைமுறை கவனித்திருந்தது. ‘நாயகன்’ படத்தின் நாயகர் வேலு நாயக்கர் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்பது படத்தின் கடைசியில். வெளிச்சமும் நிழலும் சரிபாதியாக விழுந்த அந்த முகம் வெகுநேரமாக அதே கேள்வியைத்தான் நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த வெளிச்சங்களுக்கெல்லாம் பின்னால் உழைப்பு இருக்கிறது. செட்டின் உச்சியில் கட்டிய பலகைகளின் மேல் நின்று, கொதிக்கும் விளக்குகளைத் திருப்பிய லைட்மேன்களின் பெயர்கள் நம் சினிமா வரலாற்று நூல்களில் இல்லை. ஒளிப்பதிவாளர் கேட்ட அந்த ஒரு கீற்றைப் பிடித்துக் கொடுத்த கைகள் அவர்களுடையவை.

இன்றைய டிஜிட்டல் கேமராக்களுக்கு ஒற்றை விளக்கின் வெளிச்சம்கூடப் போதும். கறுத்த தோலின் நுணுக்கங்களைக் காட்டுவதில் கருவிக்கு இனித் தடையில்லை. ‘மெட்ராஸ்’ படத்தில் ஜி. முரளியும், ‘கர்ணன்’ படத்தில் தேனி ஈஸ்வரும் கறுத்த முகங்களைக் கம்பீரமாகக் காட்டினார்கள். அப்படியிருந்தும் நெடுந்தொடர்கள் நிழலே இல்லாத வெளுப்பில் தினமும் நம் வீட்டுக்குள் வருகின்றன. சிவந்த நடிகையருக்குக் கருமை பூசிக் கிராமத்துப் பெண்ணாக நிறுத்தும் வழக்கமும் ஒழியவில்லை. கருவி மாறியும் பார்வை மாறவில்லை என்றால் பொறுப்பு படைப்பாளிகளுக்கு மட்டும் இல்லை. வெளுப்பை அழகென்று கைதட்டிய நமக்கும், அதைச் சுட்டிக்காட்டாத விமர்சனத்துக்கும் உண்டு.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பாதுகாப்பு. தன் ‘வீடு’, ‘சந்தியாராகம்’ படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைச் சொல்லி பாலு மகேந்திராவே வருந்தினார். மங்கிய பிரதியில் கதை மிஞ்சும், ஒளி மிஞ்சாது. தமிழ்ப் படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகத்தைத் தமிழ்நாடு அரசு சென்னையில் நிறுவ வேண்டும். இரண்டாவது, அந்த அரசுத் திரைப்படக் கல்லூரியின் தரமணி வளாகத்தில் மாணவர்கள் கற்கும் ஒளிக் கல்வியின் ஒரு பகுதியாவது பொதுமக்களுக்கும் திறக்கப்பட வேண்டும். திரையிடல் நடத்தும் மயிலாப்பூர், அடையாறு அமைப்புகள் ஒளிப்பதிவாளர்களை அழைத்துப் பேசவைக்க வேண்டும். மூன்றாவது நமக்கு நாமே இட்டுக்கொள்ளும் கட்டளை. அடுத்த இதழ் முதல் நம் திரை விமர்சனங்கள் ஒளியைப் பற்றிப் பேசாமல் முடியாது. லைட்மேன்களின் நினைவுகளையும் தொடராக வெளியிடுவோம். அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள், எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம்.

ஒரு சமூகம் யாரை வெளிச்சத்தில் நிறுத்துகிறது என்பது அதன் நியாய உணர்வைக் காட்டும். தமிழ்த் திரையில் அந்தக் கணக்கை இனியாவது கவனமாகப் பார்ப்போம்.