முதற் பக்கமும் கடைசிப் பக்கமும்

எமது கிராமங்களுக்கு வினாக்கொத்தோடு வருபவர்கள் பலர். பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள், தொண்டு நிறுவனத்தார் வருகிறார்கள். தோட்டத்துக்கு இறைக்கவேண்டிய காலைப்பொழுதை விட்டு எமது மக்கள் அவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள், தேநீரும் கொடுத்து அனுப்புகிறார்கள். பிறகு அறிக்கை என்னவாயிற்று என்று அறிவார் இல்லை. தப்பித்தவறி ஒரு பிரதி கிடைத்தாலும் பலரும் வாசிப்பது அறிமுகத்தையும் முடிவுரையையுமே. நடுவிலுள்ள அட்டவணைகள் பரீட்சகருக்கு உரியவை. ஆகவே அவசரத்தில் எழுதப்படும் அந்த இரு பகுதிகள்தாம் கிராமத்துக்கு நன்மையோ தீமையோ செய்கின்றன என்பது எமது கருத்து.

யாழ் குடாநாட்டுக் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். அது சுண்ணக்கல் நிலம். தோட்டத்துக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் நிலத்தடி நீரில் இலகுவாகக் கலக்கின்றன. கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். புட்டிப்பால் குடிக்கும் சிறு குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கக்கூடும்.

இதை ஆராயும் மாணவரின் அறிமுகம் எப்படித் தொடங்கும்? பூமியில் முக்காற் பங்கு நீர் என்று தொடங்கும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர் என்று தொடரும். எட்டாம் பக்கத்தில்தான் கிணறு வரும். இந்த நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற தாயின் கேள்வி எங்குமே வராது. அதுவல்லவா முதற் பக்கத்தில் நிற்கவேண்டியது? முன்னையோர் கண்டது என்ன, பாராமல் விட்டது என்ன, தாம் எத்தனை கிணறுகளை எந்த மாதத்தில் பார்த்தோம் என்பன இரண்டு பக்கத்தில் அடங்கும். பக்கக் கணக்குக் கேட்கும் மேற்பார்வையாளர்களும் உண்டு. மாணவரை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல.

அளவும் அங்கேயே தெளிவாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாகக் கணித்தால் ஏறக்குறைய 11. எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால், 30 என்ற எண் ஒருவருக்கு ஆபத்தாகவும் மற்றவருக்குப் பாதுகாப்பாகவும் தெரியும். ஓர் ஊர் பீதியடைய இது போதும்.

எம்மைக் கூடுதலாக வருத்துவது முடிவுரைதான். "விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்ற வசனத்தை நாம் எத்தனை அறிக்கைகளில் கண்டுவிட்டோம்! அதைப் பற்றி ஒரு கேள்விதானும் கேட்டிராதவர்களும் இதை எழுதுகிறார்கள். அளந்தது நீரை, தீர்ப்புக் கூறுவது மனிதரைப் பற்றி. கடன் வாங்கி வெங்காயம் நட்டவன் விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு பிடி கூட இடுகிறான் என்பது அவனிடம் கேட்டிருந்தால் அல்லவா தெரியும்? மாரிக்குப் பின் ஒரு தடவை இருபது கிணறுகளைச் சோதித்தவர் குடாநாடு முழுவதற்கும் முடிவு சொல்வதும் இதே பிழைதான். "இந்த இருபது கிணறுகளில், இந்த மாதத்தில்" என்று எழுதினால் மதிப்புக் குறையாது.

"அரசு ஆவன செய்யவேண்டும்" என்ற விதந்துரையால் எவருக்கும் பயனில்லை. எந்த அலுவலகம், எந்தக் கிணறு என்று குறிப்பிட வேண்டும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும் என்ற ஒரு வரி அந்தத் தாய்க்கு உதவும்.

முடிவுரையை எழுதி முடித்தபின் அறிமுகத்தை மீண்டும் எழுதுவது நல்லது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறதா என்று அப்போது தெரியும். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும், சமர்ப்பிக்குமுன் இந்த இரு பகுதிகளையும் தமிழில் மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம். "தம்பி, அந்தக் கிணற்றிலை நாங்கள் குடிக்கத் தண்ணி அள்ளுறேல்லை" என்று யாராவது ஓர் அம்மா சொன்னால், திருத்துவதற்கு இன்னும் நேரம் இருக்கும்.