உயிரைக் காத்தோம், சிறுநீரகத்தைக் கைவிட்டோம்

தண்டுவடம் முறிந்த ஒருவரை 108 ஆம்புலன்ஸில் ஏற்றி, அறுவை சிகிச்சை செய்து, முதுகில் ராடும் ஸ்குரூவும் பொருத்தி, உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் திறமை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு இருக்கிறது. இதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அப்படி வீடு திரும்பும் பலருக்கு உடலில் ஒரு யூரின் டியூப், கட்டில் ஓரத்தில் தொங்க ஒரு பை, கையில் பிசியோதெரபி செய்யச் சொல்லும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, இவ்வளவுதான் மிச்சம். டியூபை எப்போது எடுப்பது, எடுத்த பிறகு சிறுநீரை எப்படி வெளியேற்றுவது, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சீட்டில் ஒரு வரி இருக்காது. சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்து நின்றால், அதை விதி என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. தடுத்திருக்கக்கூடிய இழப்பு அது. தடுக்காமல் விட்டது தவறு.

சென்னையின் மேற்குப் புறநகர் இதை வெறும் மருத்துவச் செய்தியாகப் படிக்க முடியாது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் கூரை மாற்ற ஏறுகிறவர்களின் காலடியில் இருப்பது பழைய ஷீட். அது எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. ஆவடி, திருமுல்லைவாயில் பக்கம் அடுக்ககங்கள் எழும் வேகத்துக்குச் சாரத்தின் மீது பாதுகாப்பு பெல்ட் ஏறுவதில்லை. சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு பைக் ஓட்டுகிறவர்கள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் வீடு போய்ச் சேர வேண்டும். 2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இடுப்புக்குக் கீழே உணர்விழந்து பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. கூரையிலிருந்து விழுந்தவரோ அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

உள்ளே நடப்பது இதுதான். சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் இடையே செய்தி போய்வரும் பாதை தண்டுவடம். அது அடிபட்ட முதல் சில வாரங்களில் சிறுநீர்ப்பை துவண்டு கிடக்கும். நிறைந்தாலும் தெரியாது, தானாகக் காலியும் ஆகாது. அந்த நேரத்தில் டியூப் போட்டு வைப்பது சரியான சிகிச்சை. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. அடிபட்ட அதிர்ச்சியிலிருந்து தண்டுவடம் மீண்டதும் பலருக்குச் சிறுநீர்ப்பை கட்டுப்பாடில்லாமல் இறுகும். திறக்க வேண்டிய வாய்த்தசையும் அதே நேரத்தில் இறுகி வழியை அடைக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். சிறுநீர் வந்த வழியே மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உணர்வற்ற உடலில் இதற்கு வலி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதைப் பார்த்து, "தானா போகுது, சரியாகிட்டு வருது" என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். அடிவயிற்றைத் தட்டியும் அமுக்கியும் வரவழைக்கப் பழகிக்கொள்வார்கள். அந்த அமுக்கலே உள்ளழுத்தத்தைக் கூட்டிவிடும்.

மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. புரட்டிப் படுக்க வைக்கும்போது டியூப் தொடைக்கடியில் மடங்கிவிடும். சிறுநீர்ப்பை நிறையும். திடீரென ரத்த அழுத்தம் எகிறும், தலை பிளப்பதுபோல் வலிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதம்வரை கொண்டுபோய்விடும். மடங்கிய டியூபை நேராக்கிச் சிறுநீர் வடிந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். தலைவலி மாத்திரை தேடி மருந்துக்கடைக்கு ஓடும் மனைவிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

சிகிச்சை ஒன்றும் எட்டாக்கனி அல்ல. டிரிப்ஸ் நின்று சிறுநீரின் அளவு சீரானதும் நிரந்தர டியூபை எடுத்துவிட வேண்டும். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய கதீட்டரை நுழைத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கதீட்டரை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு தடவையில் வருவது 500 மில்லியைத் தாண்டாமல், குடிக்கும் தண்ணீரையும் எடுக்கும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். கைக்கு அசைவு இருந்தால் நோயாளியே செய்துகொள்வார். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ளலாம். முதல் சில மாதங்களுக்குள் சிறுநீர்ப்பையின் உள்ளழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆக்சிபியூடினின் போன்ற மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் போட்டாக்ஸ் ஊசி, ஆண்டுக்கொரு ஸ்கேனும் கிரியேட்டினின் பரிசோதனையும். தசை தடித்துப் பை சுருங்கிவிட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. தொடக்க மாதங்களை விட்டுவிட்டால் பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் ஈடாகாது.

இவற்றில் எதுவும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றிலும் படுக்கைப்புண்ணிலும் மாண்டார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவு அந்த நிலையை மாற்றியது. சிறுநீர்ப்பையை முதல் நாளிலிருந்தே கவனிப்பது அவருடைய முறையின் முக்கியமான கூறு. 1972இல் அமெரிக்காவின் ஜாக் லபிடிஸ், கிருமி நீக்கிய கருவிகளும் கையுறைகளும் இல்லாமல், சுத்தமான கையோடு நோயாளியே வீட்டில் கதீட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டினார். ஒரு காலத்தில் இந்நோயாளிகளின் மரணத்துக்கு முதன்மைக் காரணமாக இருந்த சிறுநீரகச் செயலிழப்பு, மேலைநாடுகளில் இன்று பின்வரிசைக்குப் போய்விட்டது. காயம்பட்ட சில வாரங்களிலேயே நரம்புகளை மின்தூண்டல் மூலம் பழக்கினால் சிறுநீர்ப்பை இறுகுவதையே தடுக்க முடியுமா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுகளின் முடிவுக்கு நாம் காத்திருக்கலாம். சோப்புக்கும் கதீட்டருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கதையென்று ஒதுக்கவும் வழியில்லை. 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அந்த மருத்துவமனை தண்டுவடம் பாதித்தவர்களை 'மேளா' என்ற கூடலுக்கு அழைத்துப் பரிசோதித்து அனுப்பும் வழக்கத்தையும் வைத்திருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிப் பல்லாயிரம் பேருக்கு வழிகாட்டினார். பூந்தமல்லியிலிருந்து வேலூர் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. அங்கே தெரிந்தது இங்கே தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்ட்ரல் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கத்திலோ ஒரு படுக்கைக்கு அடுத்த நோயாளி வராந்தாவில் காத்திருக்கிறார். அறுவை சிகிச்சை நிபுணரால் தினமும் கதீட்டர் வகுப்பு நடத்த முடியாது. படிக்காத குடும்பம், பொதுக் கழிப்பறை உள்ள லைன் வீடு, தொற்று வந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும் டியூபில்தான் தொற்றும் கல்லும் அதிகம். டியூப் அடைத்து, சிறுநீர் கலங்கி, குளிர்க்காய்ச்சல் வந்து, தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, அடுத்த மாதமும் அதே கதை. பிறவியிலேயே தண்டுவடக் குறை உள்ள பள்ளிப் பிள்ளைகள் தாங்களே கதீட்டர் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களால் முடிவது லேத் பட்டறையில் நுணுக்க வேலை பார்த்த கைக்கு முடியாதா? சொல்லிக்கொடுக்க நிபுணர் தேவையில்லை; பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும். அந்தச் செவிலியரை நியமிக்காதது அரசின் குறை. நோயாளியின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், அவர் பீகாரிலிருந்து வந்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. நல்ல திட்டம். ஆனால் தண்டுவடம் அடிபட்டவரின் சோதனை 49ஆம் மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சிறுநீரகம் செயலிழந்தோர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. சிறுநீரகம் போன பிறகு பை கொண்டுவரும் அதே கை, போகாமல் காக்கும் கதீட்டரையும் கொண்டுவர வேண்டாமா? ஒரு சாதாரண கதீட்டரின் விலை இரண்டு டீயும் ஒரு வடையும் சாப்பிடும் காசுதான். அன்றாடம் வாங்கும்போதுதான் அது ஏழைக்குப் பாரமாகிறது.

எல்லைச் சிக்கலும் உண்டு. அம்பத்தூர் சென்னை மாவட்டம். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அறுவை சிகிச்சை நகரத்துக்குள், அடையாள அட்டையும் உதவித்தொகையும் வேறோர் அலுவலகத்தில், தொடர் கவனிப்பு யார் பொறுப்பிலும் இல்லை. கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது.

தொழிற்பேட்டை முதலாளிகளும் தப்ப முடியாது. வேலையிட விபத்தில் முழுதும் செயலிழந்த காப்பீட்டாளருக்குக் கூலியில் 90 விழுக்காடு உதவித்தொகை ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வு வயதுவரை தனக்கும் மனைவிக்கும் மருத்துவம் பெறலாம். நடைமுறையில் இந்த உரிமை அட்டையில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். காண்ட்ராக்டர் அழைத்துவந்த கூலியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையென்றால், கூரையிலிருந்து விழுந்த அன்றே அவர் அநாதை. பெயர் சேர்க்காமல் ஆளை ஏற்றுவது சிக்கனமல்ல, திருட்டு.

எனவே நாம் கேட்பது இவை. நிரந்தர டியூபுக்குப் பிறகு என்ன என்பதை எழுதாமல், நோயாளிக்கோ வீட்டாருக்கோ கதீட்டர் பழக்காமல், தண்டுவட நோயாளி எவரையும் டிஸ்சார்ஜ் செய்யக்கூடாது என்று சுகாதாரத் துறை அரசாணை போட வேண்டும். திருவள்ளூர், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அயனாவரம் ஈ.எஸ்.ஐ.யிலும் இதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். கதீட்டர்கள் வீடு தேடி இலவசமாக வர வேண்டும். ஆண்டு ஸ்கேனுக்கு நோயாளியை அழைக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. வீட்டார்க்கு ஒரு வார்த்தை: சிறுநீரைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள்; டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், "டியூபை எப்போது எடுப்பீர்கள், அதன்பின் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். இனி ஒருவர் இந்த அலட்சியத்தால் சிறுநீரகத்தை இழந்தால், அதற்குச் சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் பதில் சொல்லியாக வேண்டும்.