'நல்லா ரெஸ்ட் எடுங்க' சொல்றவங்க கவனத்துக்கு

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் கிடையாது. பி.காம் மூணாவது வருஷம். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வச்சுட்டு ரெண்டு வாரமா கேன்சர் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அதோட விளைவு செமஸ்டர் ரிசல்ட்ல தெரியும் :-) அதனால இதைப் படிச்ச வேகத்துல யாரும் ஷூவை மாட்டிடாதீங்க. சிகிச்சையில இருக்கிறவங்க அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் எதையும் ஆரம்பிக்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊர்ல ஒருத்தருக்குக் கேன்சர்னு தெரிஞ்ச உடனே முதல்ல என்ன நடக்கும்? அவங்க கையில இருக்கிறதை எல்லாம் புடுங்கிடுவாங்க. துடைப்பம், கரண்டி, ஸ்கூட்டி சாவி, மார்க்கெட் பை, ஒண்ணு விடாம. ஹால்ல ஒரு கட்டிலைப் போட்டு, ரெண்டு தலகாணியை வச்சு, "நீங்க எந்திரிக்கவே கூடாதுக்கா"ன்னு உத்தரவு. பார்க்க வர்றவங்க ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, அதோட ஒரு "நல்லா ரெஸ்ட் எடுங்க". ரவுண்ட்ஸ் வர்ற டாக்டரும் அவசரத்துல அதையே சொல்லிட்டாருன்னா தீர்ப்பு எழுதியாச்சு, அப்பீலே கிடையாது.

மாத்திரைக்கு அளவு இருக்கு. காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு, அஞ்சு நாளைக்கு. இந்த ரெஸ்ட்டுக்கு மட்டும் அளவே கிடையாது. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள், எப்ப நிறுத்தணும், யாரும் சொல்றதில்ல. அளவு சொல்லாம குடுக்கிற இந்த ரெஸ்ட், சிகிச்சையில இருக்கிறவங்களுக்குக் கெடுதல் பண்ணுதுங்கறதுதான் என் கட்சி. சண்டைக்கு வர்றவங்க முழுசாப் படிச்சுட்டு வாங்க.

படுக்கை என்ன பண்ணும்னு பார்க்க கேன்சரே வேண்டாம். 1966-ல அமெரிக்காவுல டல்லாஸ்ல 20 வயசு ஆரோக்கியமான பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்க வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நோய் கிடையாது, மருந்து கிடையாது, வெறும் படுக்கை. மூணு வாரத்துல அவங்க உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்துற திறன் கால் பங்குக்கு மேல இறங்கிடுச்சு. 30 வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தாங்க. அந்த 30 வருஷ வயசு பண்ண சேதத்தை விட, அந்த மூணு வாரப் படுக்கை பண்ண சேதம் அதிகம்! இது கல்லு மாதிரி இருந்த 20 வயசுப் பசங்களுக்கு. 55 வயசுல ஆபரேஷன் முடிஞ்சு, ரத்தம் குறைஞ்சு, 21 நாளுக்கு ஒருதடவை கீமோ ஏத்திக்கிற ஒரு அம்மாவுக்கு என்ன ஆகும்னு யோசிங்க.

எங்க பாடத்துல தேய்மானம்னு ஒண்ணு உண்டு. மெஷின் ஓடினாலும் தேயும், சும்மா நின்னாலும் தேயும். தசை அதை விட மோசமான சொத்து. சும்மா இருந்தா இன்னும் வேகமாத் தேயும். கீமோவோட வாந்திக்குக் குடுக்கிற ஸ்டீராய்டும் தன் பங்குக்குத் தசையைக் கரைக்கும். இதுல கொடுமை என்னன்னா, கேன்சர் சிகிச்சையில வர்ற அசதி சாதாரண அசதி மாதிரி இல்ல. தூங்கி எழுந்தா போகாது. அசதியா இருக்குன்னு படுப்பாங்க, படுத்ததால தசை குறையும், தசை குறைஞ்சதால பாத்ரூம் போறதே மலையேறுற மாதிரி இருக்கும், அதனால இன்னும் அசதி, இன்னும் படுக்கை. கடனை அடைக்கக் கடன் வாங்குற கம்பெனி மாதிரிதான்.

எங்க பெரியம்மாவுக்கு 2023-ல மார்பகப் புற்றுநோய். வீட்லயே தையல் மெஷின் வச்சிருந்தவங்க, தெருக் குழாய்லேர்ந்து ரெண்டு குடம் தண்ணியை மாடிக்குத் தூக்கிட்டு வர்ற ஆளு. ஆபரேஷன் முடிஞ்சதும் நாங்க எல்லாரும் சேர்ந்து அவங்களைக் கட்டில்ல உட்கார வச்சோம். மூணாவது கீமோ முடிஞ்ச வாரம், பாத்ரூம்ல உட்கார்ந்தவங்களால எந்திரிக்க முடியல. கதவைத் தட்டி, அக்கா உள்ள போய்த் தூக்கிட்டு வந்தா. "நோவு என்னைக் கொல்லுதோ இல்லையோ, இந்தக் கட்டில் கொன்னுரும் போலடா"ன்னு சொன்னாங்க. சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியில கேட்டா, "கீமோன்னா அப்படித்தாங்க இருக்கும், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க". மறுபடியும் அதே பல்லவி.

அப்புறம் வேற ஒரு இடத்துல ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா பார்த்தாங்க. ஜிம்மும் இல்ல, மெஷினும் இல்ல. நாற்காலியில உட்கார்ந்து எந்திரிக்கிறது அஞ்சு தடவை. சுவத்துல கை வச்சுத் தள்றது. அரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்கறது. மொட்டைமாடியில பத்து நிமிஷம் நடை. கீமோ ஏத்தின முதல் நாலஞ்சு நாள் வீட்டுக்குள்ளேயே மெதுவா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும், அடுத்த கீமோ வந்தா மறுபடி குறைச்சுக்கணும். எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல அளவு போட்டு எழுதிக் குடுத்தாங்க, மாத்திரைச் சீட்டு மாதிரி. ஆறாவது கீமோவுக்குப் பெரியம்மா பஸ் ஸ்டாண்டு படியில தானே ஏறினாங்க.

ஒரு பெரியம்மாவை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. சாம்பிள் சைஸ் ஒண்ணுன்னு சொன்னா எங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் கிளாஸை விட்டே வெளிய அனுப்பிடுவார். அதனாலதான் கட்டுரைகளைத் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்துச்சு. ஏன்னா இது ஒண்ணும் புது விஷயமே இல்ல. 1980-கள்லயே அமெரிக்காவுல ஒஹையோவுல, கீமோவுல இருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை வாரம் மூணு நாள் நிலைசைக்கிள் ஓட்ட வச்சுப் பார்த்துட்டாங்க. தெம்பு கூடுச்சு. நம்ம அப்பா அம்மா காலேஜ் போறதுக்கு முன்னாடி!

அப்புறம் இந்த "அந்தக் கையில வெயிட்டே தூக்கக் கூடாது". மார்பக ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்துட்டா கை வீங்க வாய்ப்பு உண்டு, அது உண்மை. அதுக்காக ஆயுசுக்கும் அந்தக் கையைத் தொட்டில்ல போட்டு வைக்கச் சொல்றது எந்த ஆராய்ச்சியில இருக்கு? கனடாவுல வான்கூவர்ல டான் மெக்கன்ஸின்னு ஒரு டாக்டர் 1996-ல மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு துடுப்புப் போட விட்டார். கை வீங்கும்னு எல்லாரும் பயமுறுத்தின காலம் அது. வீங்கல. இன்னைக்கு உலகம் பூரா அந்த மாதிரிப் படகு அணிகள் இருக்கு. 2009-ல பென்சில்வேனியாவுல இன்னும் கறாரா சோதிச்சாங்க. ஏற்கனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். பாதிப் பேர் வாரம் ரெண்டு தடவை, அழுத்திப் பிடிக்கிற உறையை மாட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டித் தூக்கினாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, வீக்கம் திடீர்னு முத்தினது தூக்கினவங்கள்ல 14 சதவீதம், தூக்காதவங்கள்ல 29 சதவீதம். பெரியம்மாவோட குடத்தைப் புடுங்கினவங்க இந்த ரெண்டு நம்பரையும் இன்னொரு தடவை படிக்கணும்.

மருந்து கணக்குக்கும் வாங்க. 2007-ல கனடாவுல கீமோவுல இருந்த 242 பெண்களை மூணு குழுவாப் பிரிச்சாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்ச குழுவுல, திட்டமிட்ட கீமோ அளவுல 85 சதவீதமாவது முழுசா வாங்கினவங்க 100-க்கு 66 பேர். எடைப் பயிற்சி செஞ்ச குழுவுல 78 பேர். அதுக்கப்புறம் வந்த எல்லா ஆய்வுலயும் இதே மாதிரி வரலங்கறதையும் சொல்லிடறேன். ஆனா உடம்பு தாங்காமத்தான் பாதிப் பேருக்குக் கீமோவைத் தள்ளிப் போடறாங்க, குறைக்கறாங்க. அந்த உடம்பைத் தேத்தற வேலையை யாருமே செய்ய மாட்டேங்கறாங்கறதுதான் என் கோபம்.

பெரிய குண்டு 2025 ஜூன்ல விழுந்துச்சு. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்ச 889 பேர், பெரும்பாலும் கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும். ஒரு பாதிக்கு உடற்பயிற்சி பத்தின புத்தகம் மட்டும். இன்னொரு பாதிக்கு மூணு வருஷம் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து வழிகாட்டினார். வாரம் மூணு நாலு தடவை முக்கால் மணி நேரம் வேக நடைன்னு வச்சுக்கோங்க, அவ்வளவுதான் இலக்கு. எட்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க புத்தகக் குழுவுல 83.2 சதவீதம், நடந்த குழுவுல 90.3 சதவீதம். நூறு பேருக்கு ஏழு பேர். தசைப்பிடிப்பு, மூட்டுவலி எல்லாம் நடந்தவங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வந்துச்சு, அதையும் மறைக்கல.

இதே ஏழு பேரை ஒரு மாத்திரை காப்பாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு காமர்ஸ் ஸ்டூடன்ட்டா எனக்கு இது நல்லாவே புரியும். பேட்டன்ட், பிராண்ட், டை கட்டின ரெப், ஆஸ்பத்திரி லிஃப்ட் பக்கத்துல போஸ்டர், எம்.ஆர்.பி.யில ஆறு இலக்கம். நடைக்கு ரெப் கிடையாது. கமிஷன் கிடையாது. லாபமே இல்லாத சரக்கை எவன் மார்க்கெட் பண்ணுவான்? அந்த ஆராய்ச்சிக்கு 889 பேரைச் சேர்க்கவே 2009-லேர்ந்து 2024 வரைக்கும் ஆச்சு. பணம் போட்டது பெரும்பாலும் பொதுப்பணத்துலயும் நன்கொடையிலயும் நடக்கிற அமைப்புகள்.

வாட்ஸ்அப் வைத்தியர்களே, சந்தோஷப்படாதீங்க. "பார்த்தியா, நடந்தாலே போதும், கீமோ வேண்டாம்"னு ஃபார்வர்டு தயார் பண்ணிடாதீங்க. அந்த 889 பேரும் ஆபரேஷனும் கீமோவும் முடிச்சுட்டு வந்தவங்க. அதுவும் ஒரே ஒரு வகைப் புற்றுநோய். நடை கீமோவுக்குப் பக்கத்துல நிக்கற ஆளு, கீமோவோட இடத்துல உட்கார்ற ஆளு இல்ல.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே, அதையே பண்ணட்டும்." இவங்கதான் ரொம்ப டேஞ்சர். பத்து பேருக்குச் சமைச்சு, பாத்திரம் கழுவி, நடுவுல தலை சுத்தினாலும் நிறுத்த முடியாம நிக்கறதுக்குப் பேரு பயிற்சி இல்லீங்க. எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னு அவங்களே முடிவு பண்ணணும். நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு நாம குடுத்திருக்கிறது ரெண்டே இடம்: ஒண்ணு அடுப்படி, இல்லேன்னா கட்டில். தனக்குன்னு அரை மணி நேரம் கையை வீசிட்டு நடக்கிற இடம் நோய் வர்றதுக்கு முன்னாடியும் இல்ல, வந்த பின்னாடியும் இல்ல. பெரியம்மா ஏன் மொட்டைமாடியில நடந்தாங்க தெரியுமா? தெருவுல நடந்தா, மொட்டைத் தலைமேல துண்டைப் பார்த்துட்டு, "இந்த நிலைமையில வெளிய சுத்துது பாரு"ன்னு ஒரு குரல். அதே குரல்தான் முந்தின வாரம் சாத்துக்குடியோட வந்துச்சு.

யுவராஜ் சிங் கதையைக் கொண்டு வர்றவங்களுக்கும் ஒரு கும்பிடு. 2012-ல கீமோ முடிச்சு அதே வருஷம் செப்டம்பர்ல சேப்பாக்கத்துல வந்து ஆடினார், பார்த்துக் கண்ணு கலங்கினோம், எல்லாம் சரி. ஆனா அதைக் காட்டி, படுத்திருக்கிற ஒருத்தரை "மனசு வச்சா முடியும்"னு குத்திக்காட்டாதீங்க. எந்திரிக்கவே முடியாத நாள் வரும். அன்னைக்குப் படுத்துக்கணும். காய்ச்சல் 100.4 தாண்டினா நடையும் இல்ல ஒண்ணும் இல்ல, நேரா ஆஸ்பத்திரி. எலும்புக்குப் பரவியிருந்தா, ப்ளேட்லெட் குறைஞ்சிருந்தா, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இருந்தா டாக்டரைக் கேட்காம ஒரு பாட்டில்கூடத் தூக்கக் கூடாது. கால் மரத்துப் போனவங்க விழற மாதிரியான எதையும் செய்யக் கூடாது, உட்கார்ந்து செய்யற பயிற்சி இருக்கு. இதனாலதான் "அளவு, அளவு"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன்.

"டாக்டருக்கு நேரம் இல்லப்பா, வாசல்ல இருநூறு பேர் நிக்கறாங்க"ன்னு சொல்வாங்க. நிஜம்தான். அந்த வரிசையில நானும் நின்னிருக்கேன். ஆனா ஆஸ்திரேலியாவோட புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-லயே உடற்பயிற்சியை சிகிச்சையோட பகுதியா ஆக்கணும்னு அறிவிச்சாச்சு. குணப்படுத்தற நோக்கத்துல சிகிச்சை எடுக்கிறவங்களுக்கு நடையும் தசைப்பயிற்சியும் சொல்லுங்கன்னு அமெரிக்க சங்கம் 2022-ல வழிகாட்டியே போட்டாச்சு. இதைச் சொல்ல பெரிய டாக்டர்தான் வேணும்னு இல்ல. கீமோ வார்டுல ஒரு பிசியோதெரபிஸ்ட், பத்து நிமிஷம், ஒரு பேப்பர். எங்க பெரியம்மாவுக்கு டிஸ்சார்ஜ் அப்போ டயட் சார்ட் ஒண்ணு குடுத்தாங்க. பச்சையா எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க, வெளிச் சாப்பாடு வேண்டாம்னு வரிசையா அச்சடிச்சது. அந்தத் தாளோட பின்பக்கம் காலியாத்தான் இருந்துச்சு.

மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் யாராவது படிச்சா, நான் எங்கயாவது தப்பாச் சொல்லியிருந்தா திட்டுங்க, வாங்கிக்கறேன். மத்தவங்க, உங்க வீட்ல யாராவது இப்ப சிகிச்சையில இருந்தா, அடுத்த தடவை ஓ.பி.க்குப் போகும்போது "நடக்கலாமா, எவ்வளவு நேரம், என்னைக்கு வேண்டாம்"னு மூணே கேள்வி கேட்டுட்டு, என்ன பதில் வந்துச்சுன்னு சொல்லுங்க.