சருகாகக் கிடப்பதற்கும் ஒரு பருவம் வேண்டும்

பொன்முடி அடிவாரத்தில், கல்லாறு போன்ற ஆற்றங்கரைக் காடுகளில், வறண்ட மாதங்களில் சிறகை மூடி அமரும் மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சியைக் காய்ந்த இலையிலிருந்து பிரித்தறிவது கடினம். அதே இனம் மழைக்காலத்தில் சிறகின் அடிப்புறத்திலும் கண்புள்ளிகளோடு வெளிவருகிறது. ஒரு பருவத்தில் ஒளிவது, மறு பருவத்தில் கண்காட்டுவது. இவ்விரண்டையும் ஒருமுறை ஒப்பிடவே ஓராண்டு கழிந்துவிடும். அந்த ஓராண்டில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்று கேட்கும் படிவத்தை வடிவமைத்தவர் மழையையும் வெயிலையும் கணக்கில் கொண்டவராகத் தெரியவில்லை.

கல்லாற்றுக்கு அண்மையில், விதுராவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் உல்லாச கோதண்டராமய்யா இத்துறையில் பணியாற்றுகிறார். இதே மயில் வசீகரனின் கண்புள்ளிகள் பறவைகளின் தாக்குதலைத் தடுக்கின்றன என்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 2009இல் சோதனை வழியே காட்டினர். கண்புள்ளி மிரட்டுகிறதா, அல்லது கொத்தலைச் சிறகோரத்திற்குத் திசைதிருப்புகிறதா என்ற பழைய வழக்கை 2011இல் அவர் தனியொரு மீளாய்வில் எடுத்துக்கொண்டார். பட்டியலில் அதுவும் 'ஒன்று'. அவசரத்தில் மூன்றாகப் பிளக்கப்பட்ட கட்டுரையோ 'மூன்று'!

பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டாமா என்பார்கள். வேண்டும். அளவுகோல் எது என்பதே கேள்வி. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ், புள்ளி அந்துப்பூச்சி குறித்த கெட்டில்வெல்லின் 1950களின் சோதனைமீது எழுந்த ஐயங்களைத் தீர்க்க ஆறாண்டுகளில் 4,864 பூச்சிகளை விடுவித்துக் கவனித்தார். 2009இல் மறைந்தார். முடிவுகளை 2012இல் பிறர்தாம் கட்டுரையாக்கினர். நம் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த ஆறாண்டுகளுக்கு நேரே என்ன எழுதியிருப்பார்கள்?

இங்கே இளநிலை, முதுநிலை உதவித்தொகை இரண்டும் சேர்ந்தே ஐந்தாண்டுதான். முனைவர் பட்டத்திற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கைவிட்டது. நேர்காணல் அறைகள் கைவிடவில்லை. விளைவு கண்கூடு. பருவம் பார்க்க வேண்டிய கேள்விகளை மாணவர்கள் முதலாண்டிலேயே ஒதுக்கிவிடுகின்றனர். கணினித் திரையில் ஒரு மாதத்தில் முடியும் கேள்விகளே மிஞ்சுகின்றன. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. களப்பணி ஆண்டுகளைத் தனி வரிசையாக மதிப்பிடும் படிவத்தை எழுதக்கூடிய பேராசிரியர்கள் தேர்வுக் குழுக்களில் அமர்ந்தே இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அதை முன்மொழிய அவர்களைத் தடுப்பது எது?