குழந்தைகளுடன் கார் பயணம்

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும், சென்னையில் இருந்து தெற்கே போகும் சாலை கார்களால் நிரம்பி விடுகிறது.

திருநெல்வேலிக்கு சுமார் 620 கிலோ மீட்டர். காலை 4 மணிக்குப் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் போய் விடலாம் என்று அப்பா கணக்குப் போடுகிறார்.

அந்தக் கணக்கில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பின் சீட்டில் 3 வயதில் ஒன்றும், 6 வயதில் ஒன்றும் இருப்பதை அவர் மறந்து விடுகிறார்.

செங்கல்பட்டு தாண்டும்போதே, "அப்பா, ஆச்சி வீடு வந்திருச்சா?" என்று முதல் கேள்வி வரும். விழுப்புரம் வருவதற்குள் அதே கேள்வி பத்துத் தடவை வந்து விடும். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை நடக்கும். ஒன்று அழும். அது அழுவதைப் பார்த்து மற்றொன்றும் அழும்.

உளுந்தூர்பேட்டை பக்கத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். அப்பாவுக்குக் கோபம் வரும். சீட்டு பாழாகி விட்டதே என்று திட்டுவார்.

இது பிள்ளையின் குற்றம் அல்ல. கார் ஓடுவதைக் காதுக்குள் இருக்கும் உறுப்பு உணர்கிறது. கண்ணோ கையில் உள்ள செல்போனைப் பார்த்துக் கொண்டு, எல்லாம் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. 2 வயது முதல் 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம்.

அழாமல் இருக்கட்டும் என்று செல்போனைக் கொடுப்பதே பல நேரம் வாந்திக்குக் காரணம் ஆகி விடுகிறது! அதை வாங்கி வைத்து விட்டு, முன்னால் தூரத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். புறப்படும் முன் வயிறு முட்ட ஊட்டுவதும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

மடி பத்திரம் அல்ல

வாந்தியைத் துடைத்து விடலாம். துடைக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது.

அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொள்கிறார். அம்மா மடியை விடப் பத்திரமான இடம் உண்டா என்று நினைக்கிறார்கள். வீட்டில் அது சரி. 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் கார் எதிலாவது மோதினால், எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. விபத்தில் பெரியவர்களைக் காப்பாற்ற வெடித்து விரியும் காற்றுப்பை, மடியில் இருக்கும் குழந்தையின் முகத்தில் அறையும்.

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ, அதற்கென்று செய்த குழந்தை இருக்கையோ வேண்டும். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதம் கிடக்கட்டும். லட்சக்கணக்கில் கார் வாங்குகிறவர்கள், பிள்ளைக்கு ஓர் இருக்கை வாங்க யோசிப்பது விந்தை.

டீ குடிக்க இறங்கும்போது, தூங்குகிற பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போகிறவர்களும் உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி வெப்பம் ஏறி விடும். தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைத் தூக்கிக் கொண்டுதான் இறங்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காரை நிறுத்த வேண்டும். "இன்னும் 20 கிலோ மீட்டர் பொறுத்துக்கோ" என்றால், சிறு பிள்ளையால் பொறுக்க முடியாது.

நிறுத்தும் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? சுங்கச்சாவடிகளில் கழிப்பறை கட்டி இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரு பெண் குழந்தையை உள்ளே அழைத்துப் போக முடிகிறது என்று சொல்வதற்கில்லை. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு, பணம் ஒரு நொடியில் போய் விடுகிறது. குழாயில் தண்ணீரும் அதே ஒழுங்கோடு வர வேண்டும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் போகிறார்கள்? வழியில் கிடைக்கும் சந்தோஷம் அப்படி!

திருச்சியில் கொள்ளிடம், காவிரி என்று அடுத்தடுத்து இரண்டு பாலம். தூரத்தில் மலைக்கோட்டை. மதுரையை நெருங்கும்போது, படுத்திருக்கும் யானை போலவே யானைமலை. கோவில்பட்டியில் கடலை மிட்டாய். அப்புறம் கயத்தாறு வரும். கட்டபொம்மனை 1799-ல் தூக்கில் போட்ட ஊர் இதுதான் என்று அப்பா சொன்னால், சண்டை போட்டுக் கொண்டிருந்த இரண்டும் வாயை மூடிக் கேட்கும்.

நாள் முழுவதும் ஊர் எப்போது வரும் என்று கேட்ட பிள்ளைகள், ஊர் வரும்போது தூங்கிப் போயிருக்கும். ஆச்சி வாசலுக்கு வந்து ஒன்றைத் தோளில் வாங்கிக் கொள்வார்.

மறுநாள் காலையில் பெரியது எழுந்ததும் கேட்கும்: "அப்பா, திரும்பிப் போகும்போதும் அந்த யானை அங்கேயேதான் படுத்திருக்குமா?"