மேற்பார்வைக்குமா குறைந்த விலை?

சாலையோ பாலமோ மெட்ரோவோ, பெரிய கட்டுமானத் தளங்களில் ‘ஹிண்டரன்ஸ் ரெஜிஸ்டர்’ என்றொரு பதிவேடு இருக்கும். நிலம் கைக்கு வரவில்லை, மின்கம்பம் மாற்றப்படவில்லை, வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என வேலை நின்ற நாளும் காரணமும் அதில் ஏற வேண்டும். சில ஆண்டுகள் கழித்து ஒப்பந்ததாரர் பல கோடி இழப்பீடு கேட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனால், தாமதம் யாரால் என்று முதலில் தேடுவது அந்தப் பக்கங்களில்தான். பல திட்டங்களில் அதைக் கவனித்து எழுத வேண்டியவர் திட்ட மேலாண்மை நிறுவனத்தின் பொறியாளர். அந்த நிறுவனத்தையோ நம் துறைகள் பல நேரம் எல்-1 முறையில், அதாவது யார் குறைவாகக் கேட்டார் என்று பார்த்தே எடுக்கின்றன.

இதைக் கைவிட வேண்டும். சிமென்ட்டையும் கம்பியையும் தரம் பார்த்து, விலை ஒப்பிட்டு வாங்கலாம். மேற்பார்வையில் நாம் வாங்குவது ஓர் ஆளின் அனுபவத்தை, ‘இந்தக் கான்கிரீட்டை உடைத்து எடு’ என்று சொல்லும் துணிவை. ஆள்-மாதக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்து வேலை பிடித்த நிறுவனம் என்ன செய்யும்? டெண்டரில் இருபது ஆண்டு அனுபவசாலியின் பயோடேட்டா இருக்கும். பணி ஆணை வந்த சில மாதங்களில் ‘சொந்தக் காரணங்களால் விலகினார்’ என்று ஒரு கடிதம் வரும். அவர் இடத்தில் போன ஆண்டு கல்லூரி முடித்த ஓர் இளைஞர் நிற்பார். பழம் தின்று கொட்டை போட்ட சைட் மேலாளரிடம் அவர் எதை மறுத்துப் பேசுவார்?

நியாயமான கட்டணம் கேட்கும் சிறு நிறுவனங்களின் பாடு இன்னும் மோசம். வேலை இழுக்கும்போது ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்பு கிடைத்துவிடும். கூடுதல் மாதங்களுக்கான மேற்பார்வைக் கட்டணம் கோப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், அடுத்த டெண்டரும் அதே அலுவலகத்தில்தான் எனும்போது எத்தனை பேர் புகார் கொடுக்கத் துணிவார்கள்?

இதன் விலையை நாம் வெளிநாட்டிலும் கொடுக்கிறோம். 176 கிலோமீட்டர் நீளமுள்ள ரியாத் மெட்ரோவின் திட்ட மேலாண்மையை அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்களின் கூட்டணிகள் நடத்தின. வளைகுடாவின் கட்டுமானத் தளங்களில் நம் பொறியாளர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெயர்ப்பலகையும் லாபமும் பெரும்பாலும் பிறருடையவை. சர்வதேச டெண்டர்களில் முதலில் கேட்கப்படுவது, இதே போன்ற வேலையை முன்பு நன்றாக முடித்த சான்று. உள்ளூரில் நல்ல வேலை செய்ய இடமே தராவிட்டால் அந்தச் சான்றுக்கு நம் நிறுவனங்கள் எங்கே போகும்? அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு புரூக்ஸ் சட்டம், கூட்டரசுப் பணிகளுக்கான கட்டடக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் முதலில் தகுதியால் தேர்ந்தெடுத்து, கட்டணத்தைப் பிறகு பேசச் சொல்கிறது. அங்குள்ள நிறுவனங்கள் உலகெங்கும் பரவியதில் இந்த உள்நாட்டு ஆதரவுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறோம்.

மத்திய நிதி அமைச்சகமும் விழித்திருக்கிறது. கட்டுமானப் பணிகளிலும் தரத்துக்கு 30 விழுக்காடு வரை எடை தரலாம், பில் தந்த 10 வேலை நாள்களுக்குள் 75 விழுக்காட்டுத் தொகையை விடுவிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. மேற்பார்வைப் பணிக்கு இது போதாது. அங்கே கட்டணத்துக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடை கூடாது. பணம் தரும் கெடுவை மாநிலத் துறைகளும் மாநகராட்சிகளும் ஏற்க வேண்டும்.

தரத்துக்கு மதிப்பெண் என்றால் வேண்டியவர்களுக்கு வாரி வழங்குவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்காக எல்-1க்குத் திரும்ப வேண்டியதில்லை. விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் இணையத்தில் வெளியிட்டால் போதும். நிறுவனங்களுக்கும் கடிவாளம் வேண்டும்: பயோடேட்டா காட்டிய பொறியாளர் முதல் ஆண்டிலேயே தக்க காரணமின்றி மாற்றப்பட்டால் கட்டணத்தில் பிடித்தம், இரண்டாம் முறை மாற்றினால் அடுத்த டெண்டரில் தகுதியிழப்பு.