பிள்ளை கற்றதற்குக் கணக்கு எங்கே?

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டால் பிள்ளைகள் கரையேறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி வேரோடிக் கிடக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் மாதிரிக் காசோலை கைமாறும் மேடையிலும் ஒரே பேச்சுதான்: "இனி நம் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை." கொடுப்பவரும் வாங்குபவரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறான நம்பிக்கை. மக்களின் வரிப்பணத்தையும், அதைவிடப் பெரிதாகப் பிள்ளைகளின் வயதையும் அது தின்றுகொண்டிருக்கிறது.

பெக்கோக் போன்ற ஊரை வைத்துப் பார்ப்போம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் ரயில் பாதையை ஒட்டிய சின்னப் பட்டணம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், அப்பால் செலாய் வழியாக எண்டாவ் ரொம்பின் காடு. வேலை தேடிக் குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட இத்தகைய ஊர்களில் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவு. 150 பேருக்குக் கீழே இருந்தால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். எண்ணிக்கை இன்னும் இறங்கினால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைக்கிறார்கள். அந்த அறையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் நான்காம் ஆண்டுப் பிள்ளையும் ஒரே ஆசிரியர் முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு முதலாம் ஆண்டுக் கழித்தலே இன்னும் பிடிபட்டிருக்காது. ஆசிரியருக்குப் பின்னால் பெரிய திரை ஒன்றை மாட்டினால் அவனுக்கு என்ன மாறும்? வெண்பலகையில் புரியாதது இனி வண்ணத்தில் புரியாமல் இருக்கும்.

இந்த நாடு இந்தப் பாடத்தை ஒரு முறை அல்ல, பலமுறை விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1990களின் இறுதியில் அறிவார்ந்த பள்ளித் திட்டம் வந்தது. 1999 முதல் 2002 வரை நடந்த அதன் முன்னோட்டத்துக்கு மென்பொருள் பாடங்கள் தயாரித்தார்கள்: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். தமிழ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, வகுப்புக்குப் படவீழ்த்தி என்று பணம் ஓடியது. அந்தக் கொள்கையே பின்னர் கைவிடப்பட்டது. 2011இல் வந்தது 1பெஸ்தாரிநெட். 10,000 பள்ளிகளுக்கு இணையமும் ஃபிராக் விஎல்இ என்ற மெய்நிகர்க் கற்றல் தளமும் தரும் திட்டம் அது. 15 ஆண்டுகளுக்கு 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல் மதிப்பிட்டார்கள். தளத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று தலைமைக் கணக்காய்வாளர் 2013ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் ஆராய்ந்தார். பயன்பாடு ஐந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2019இன் நடுவில் திட்டத்தை நிறுத்திவிட்டு அமைச்சு கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியது. மறு ஆண்டு டெலிமா என்ற கற்றல் தளம் வந்தது.

இத்தனை ஆண்டுகளில் யாராவது ஒருவர், "இதனால் பிள்ளை எவ்வளவு கற்றான்?" என்று அளந்து ஊருக்குச் சொன்னாரா? எத்தனை பள்ளிக்கு இணைப்புப் போனது, எத்தனை பேருக்குக் கணக்குத் திறக்கப்பட்டது, எத்தனை கருவி இறங்கியது என்ற எண்கள்தான் நமக்கு வந்தன. பொருளைக் கணக்கிட்டார்கள், கற்றலைக் கணக்கிடவில்லை. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில் மலேசியாவின் கணித மதிப்பெண் 2018இல் 440, 2022இல் 409. வாசிப்பு 415இலிருந்து 388க்கு இறங்கியது. பெருந்தொற்றும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருந்தொற்றுக் காலத்தில்தானே இத்தனை ஆண்டு டிஜிட்டல் முதலீடு கைகொடுத்திருக்க வேண்டும்?

பெருவிலும் இதே கதைதான். குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று நாடு முழுக்கக் கொடுத்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு: கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால், "அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று உடனே கேட்பார்கள். வேண்டும் என்றுதான் சொல்கிறேன். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு மையங்களில் சோதித்தார்கள். விண்ணப்பித்த 619 பிள்ளைகளைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். ஆய்வை நடத்தியவர்கள் கார்த்திக் முரளீதரனும் இன்னும் இருவரும். நாலரை மாதத்தில், இடம் கிடைத்தவர்களின் கணித முன்னேற்றம் கிடைக்காதவர்களுடையதைப் போல இரு மடங்குக்கு மேல் இருந்தது.

ஏன் என்பதுதான் நமக்கு முக்கியம். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தது. மென்பொருள் முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சோதித்து, அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. 3.27 பெரியதா, 3.3 பெரியதா என்று கேட்டால் பல பிள்ளைகள் 3.27 என்பார்கள், 27 மூன்றைவிடப் பெரியதாயிற்றே என்று. தவறு என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டு நகர்ந்தால் அந்தப் பிழை படிவம் ஐந்து வரை கூடவே வரும். அது எந்த எண்ணத்தில் பிறந்தது என்று கண்டுபிடித்து, தசம இடத்தின் மதிப்புக்குப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டும். மூன்று தரத்துப் பிள்ளைகளை ஒரே மணி நேரத்தில் மேய்க்கும் ஆசிரியருக்கு ஒவ்வொருவரிடமும் அதைச் செய்ய நேரமில்லை. இங்கேதான் கணினிக்கு உண்மையான வேலை இருக்கிறது. அந்த மையங்களிலும் பாதி நேரம்தான் கணினி, மீதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநரிடம் படித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வியில் திரையே இல்லை, மாலையில் தெருவில் பாடம் சொன்ன தன்னார்வலர்கள்தான். அதுவும் அளக்கப்பட்டது, அதுவும் பலன் தந்தது.

"காலத்துக்கேற்பப் பிள்ளைகள் கருவிகளோடு பழக வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். அப்பாவின் கைப்பேசியில் மணிக்கணக்காக யூடியூப் பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைக்குத் திரையைத் தொடச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் ஒரு பத்தியை வாசித்துப் பொருள் சொல்லவும், பின்னத்தைக் கூட்டவும்தான் அதற்குத் துணை வேண்டும்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு ஒதுக்கியது 6,410 கோடி ரிங்கிட். பணம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அடுத்த முறை ஒரு நிறுவனம் மேசை நிறையக் கருவிகளோடு பள்ளிக்கு வரும்போது பெற்றோர் கேட்க வேண்டும்: இதை யாரிடம் சோதித்தீர்கள்? எங்கள் பிள்ளை கணிதம் படிக்கும் தமிழில் பாடம் இருக்கிறதா? உத்தரவாதம் முடிந்த பிறகு பழுது பார்ப்பது யார் செலவு? பதில் இல்லையென்றால் வாசலோடு அனுப்பிவிடலாம். அந்தப் பணத்தில் வாசிப்புப் பயிற்சிக்கு ஒரு துணை ஆசிரியரை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

அமைச்சிடம் கேட்பதும் கடினமான காரியமில்லை. ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளில் விரும்பி முன்வருபவற்றைக் குலுக்கிப் போட்டு, பாதிக்கு இந்த ஆண்டும் மீதிக்கு அடுத்த ஆண்டும் தமிழ்வழி மென்பொருளைத் தரட்டும். சிகாமட், லாபிஸ், பெக்கோக் பக்கத்துச் சிறிய பள்ளிகளும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். தொடக்கத்திலும் ஆண்டு முடிவிலும் விற்ற நிறுவனம் அல்லாத ஒருவர் தேர்வு வைக்கட்டும். பலன் தெரிந்தால் எல்லாப் பள்ளிக்கும் விரிக்கட்டும், தெரியாவிட்டால் அந்த ஒப்பந்தத்தை அன்றே முடிக்கட்டும். இரண்டில் எதுவானாலும் அந்த மதிப்பெண்களைப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டட்டும்.